சாயாத வண்டி

நாலு ரோடு சிக்னலில்
ஆரஞ்சுப் பை மாட்டி என் பக்கத்தில் நின்றவரே,
இந்த ஊரில் எல்லோரும்
கால் எப்படிப் போச்சு என்றுதான் கேட்கிறார்கள்.
நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு
"அக்கா, டிஃபரன்ஷியல் எந்த வண்டியோடது?" என்றீர்கள்.
ஆட்டோவோடது என்பதற்குள் பச்சை விழுந்தது.
பின்னால் டவுன் பஸ் அலறியது.
உங்கள் பையில் யாருடைய பிரியாணியோ ஆறிக்கொண்டிருந்தது.
மீதியை இங்கே சொல்கிறேன்.

தொண்ணூற்றேழு மாடல், மேக்ஸ் ஹண்ட்ரட்.
அன்னதானப்பட்டிப் பால்காரர் ஒருவர்
கேன் மாட்டி ஓட்டியது. எட்டாயிரம்.
கொக்கி உரசிய தழும்பு
பெயிண்டுக்கு அடியில் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும்.

சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரம்
இதயத்துல்லா பட்டறை.
முதலில் ஒரே தண்டு, முனைக்கு ஒரு சக்கரம்.
"போதும்க்கா, நேராப் போகும்" என்றார்.
நேராகத்தான் போனது.
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஹேண்டிலைத் திருப்பினேன்;
முன்சக்கரம் மட்டும் கேட்டது.
பின்னிரண்டும் ஒரே பிடிவாதத்தில் உருண்டு
கரும்புச்சாறு வண்டியில் போய் நின்றன.
உடைந்த தம்ளர்களுக்கு முந்நூறு ரூபாய்.

வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் நடக்க வேண்டும்,
உள்சக்கரம் குறைவாக.
ஒரே தண்டில் பிறந்தாலும் ஒரே நடை ஆகாது.
பள்ளியில் வட்டம் வட்டமாக வரைந்திருக்கிறேன்,
புரிந்தது அந்தக் கண்ணாடித் தூள் மேல்தான்.

அப்புறம்தான் காயலான் கடை ஆட்டோவின் டிஃபரன்ஷியல்.
அதன் இடுப்பைச் சுற்றிப் பல்சக்கரம்,
அதற்கு இரண்டு செயினை வெட்டி ஒன்றாக்கிய செயின்.
இடது கால் செய்த வேலைக்கு ஒரு கம்பி,
டாங்கின் வலப்பக்கம்.
கியர் மாற்ற ஆக்சிலேட்டரை விட வேண்டும்.
மேட்டில் அந்த ஒரு நொடி
வண்டி யாருடையதும் இல்லை.

ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
"கால் ஊனலை, பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர்.
ஊனவே தேவையில்லாத வண்டி என்பது
கையெழுத்துக்குப் பிறகு அவருக்கு உறைத்திருக்கும்.

கற்றதைவிட மறந்ததுதான் கஷ்டம்.
பதினாறு வருஷம் சாய்ந்து திரும்பிய உடம்பு.
இது சாயாது.
நான்தான் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து
வளைவின் பக்கம் தொங்க வேண்டும்,
பஸ் படிக்கட்டுப் பையன் மாதிரி.
சனிக்கிழமை பெங்களூர்ப் பைக்குகள்
முழங்கால் தரையில் உரச என்னைக் கடந்து போகும்.
நான் குழிகளை எண்ணுவேன்.
இரண்டு சக்கரத்துக்கு ஒரு தடம்,
எனக்கு மூன்று. ஏதாவது ஒன்று விழாமல் போகாது.

வேலையா? ரத்தம் தூக்குவது.
காலையில் காலி ஐஸ்பெட்டியோடு
ஏற்காடு ஏறுவேன். இருபது கொண்டை ஊசி.
பதின்மூன்றில் இன்ஜின் ஆறக் கால் மணி நேரம்;
பிளக்கைக் கழற்றித் துடைப்பேன்,
குரங்கு சாவியைப் பார்க்கும், நான் குரங்கைப் பார்ப்பேன்.
ஆஸ்பத்திரியில் பிலோமினா சிஸ்டர்
குழாய்களுக்குப் பெயர் ஒட்டி அடுக்கித் தருவார்.
இறக்கத்தில் டூ ஸ்ட்ரோக் பிடிக்காது,
பிரேக் லைனிங் கருகும் வாசனையோடு
யாரோ ஒருவரின் சர்க்கரையும்
யாரோ ஒருவரின் சிறுநீரகக் கணக்கும்
குலுங்காமல் மூன்று மணிக்குள் லேபுக்கு வந்துவிடும்.

ரிவர்ஸ் கிடையாது.
சந்தில் மாட்டினால் டீக்கடைப் பக்கம் பார்ப்பேன்,
யாராவது வந்து இழுப்பார்கள்.
இழுத்துக்கொண்டே காலைப் பற்றிக் கேட்பார்கள்.

மாசத்துக்கு ஒருமுறை செயின் தொய்யும்.
சைலன்ஸரில் கரி.
நேற்று இடப்பக்க வெல்டில் ஒரு விரிசல்,
தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன், போகவில்லை.
சாக்பீஸில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.
ஞாயிறு பத்து மணிக்குப் பட்டறையில் இருப்பேன்.
ஆர்டர் இல்லையென்றால் வாருங்கள்,
அடியில் படுத்துப் பார்க்கலாம்.
கால் கதை வேண்டுமென்றாலும் சொல்கிறேன்.
அது இதைவிடச் சின்னது.