மூன்று கிலோ நூறு

அறுபது கிலோ போன பிறகும்
காலி மாவுச்சாக்காய்த் தொங்கியது வயிறு.
மடிப்புக்குள் பவுடர், வேர்வை, புண்.
பேருந்து ஓட்ட உட்காரும்போதெல்லாம்
அள்ளி மடியில் வைத்துக்கொள்வேன்,
யாரோ பயணி விட்டுப்போன பை மாதிரி.

போர்த்தோ அலெக்ரே அரசு மருத்துவமனையில்
நாலு வருடம் வரிசை.
டாக்டர் நெய்வா நிற்கவைத்து, கிள்ளிப் பார்த்து,
ஊதா மையில் கோடு போட்டார்.
தையல்காரிக்கு உள்ள கண்.

விழித்ததும் கேட்டேன், எவ்வளவு?
"மூன்று கிலோ நூறு."
லுவானா பிறந்தபோதும்
ஏறக்குறைய அதே எடைதான்.
அவளை வெளியே எடுத்த தழும்பும்
அதோடு போய்விட்டதாம்.
தொப்புள் மட்டும் பழசு,
வாசல் புதுசு.

இரண்டு வடிகுழாய் தொங்க
கூன் போட்டு நடக்கிறேன்.
"நான் வந்த வழி எங்கேம்மா?"
சிரிக்கிறாள் லுவானா.

கட்டுக்கு மேலே
குத்துமதிப்பாக
ஒரு விரல் வைத்தேன்.