பதிவு 14

நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
களுவாஞ்சிகுடிக்குத் திரும்பும் பஸ் காசும்
அதற்குள்தான்.

பழையதில் இடது பக்கம் செத்து ஏழு வாரம்.
வயரை மடித்துத் தலைமயிர்க் கிளிப்பால் நெரித்துப் பிடித்தால்
கொஞ்ச நேரம் உயிர் வரும்.
தும்மினால் போய்விடும்.

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே கடை.
இம்தாத் கண்ணாடிக்குள் கை விட்டு முதலில் எடுத்தது
நீலமும் சிவப்புமாய் மினுக்கும் ஒன்று.
"என்ன பாட்டுக் கேப்பீங்க அக்கா?"
பாட்டில்லை என்றேன்.
"அப்ப படமா?"
ஆட்கள் பேசுவதை, என்றேன்.
ஒருமாதிரிப் பார்த்தான்.

பேசுவதைக் கேட்டு எழுதுவது என் வேலை.
கொழும்பில் ஆய்வு செய்கிறவர்கள்
ஊரூராய்ப் போய்ப் பதிந்து அனுப்புவார்கள்:
நுண்கடன், வட்டி, வாரத் தவணை.
ஒரு நிமிடப் பேச்சுக்கு முப்பத்தைந்து ரூபாய்.
விளங்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று போடலாம்,
பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் போனால்
காசில் கழிப்பார்கள்.

ஆகவே என் அளவுகோலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்:
பதிவு 14, வாகரை,
பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து அரை நிமிடம்.
நூறு தரம் கேட்டது. எனக்குப் பாடம்.

மினுக்குவது ஆயிரத்து இருநூற்றைம்பது.
அந்த அம்மா தகரப் பீப்பாவுக்குள் இருந்து பேசினாள்.
அடுத்தது, பெயர்போன கம்பனியின் பெயரில்
ஓர் எழுத்து மட்டும் மாறியது,
மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
"பேஸ் அடிக்கும் பாருங்களன், நெஞ்சு அதிரும்!"
அதிர்ந்தது.
கேள்வி கேட்ட தம்பிக்கு இடிமுழக்கம் வந்து சேர்ந்தது.
அவள் குரல் அதனடியில் நசுங்கிக் கிடந்தது.

வெளிச்சத்தத்தை அறுப்பது பதினாலாயிரம்.
போட்டதும் கல்முனையே அணைந்தது:
ஹோன், கொண்டக்டரின் கூவல்,
தலைக்கு மேல் கிறீச்சிட்ட காற்றாடி.
மரியாதையாகக் கழற்றி வைத்தேன்.

மூலையில் அது என்ன?
"அதுவா... வயர் வெச்சது அக்கா, பழைய ஸ்டொக்.
ஒருத்தரும் கேக்கிறல்ல."
நசுங்கிய பெட்டி. கறுப்பு. விளக்கில்லை.
தோட்டை அழுத்தவில்லை,
மூக்குக்கண்ணாடிக் காலோடும் சண்டையில்லை.
வயர் தடிப்பு, பஞ்சு கழற்றி மாற்றலாம்.
போட்டேன்.

முதலில் ஒரு காகம்.
நூறு தரமும் வராத காகம்.
பிறகு பிளாஸ்டிக் கதிரை சீமெந்தில் இழுபடுவது.
தம்பி கேட்கிறான்: இன்னும் எவ்வளவு பாக்கி, அம்மா?
அவள் மூச்சை உள்ளே எடுக்கிறாள்.
வெளியே விடாமலே சொல்கிறாள்:
போதும், தம்பி.

நான் எழுதி அனுப்பியது
போடும், தம்பி.
போடும், எழுதிக்கொள்ளும் என்று
சம்மதம் தந்தவளாக்கி
ஒன்பதாம் பக்கத்தில் அவளை இருத்தியிருந்தேன்.
எனக்குச் செத்த இடது பக்கம்.
அவனோ ஒரு முழம் தள்ளி இருந்தான்.
அதற்குப் பிறகும் பதினொரு கேள்வி.

"என்னக்கா, சரியில்லையா?"
எவ்வளவு?
"நாலாயிரத்து எழுநூறு."
நாலாயிரத்து முந்நூறு.
"நாலரை. பெட்டி நசுங்கினதுக்காக."
ஆறு மாதம் வாரண்டி,
வயருக்கு மட்டும் கிடையாது.

இரவே கொழும்புக்கு எழுதினேன்:
பக்கம் ஒன்பது, மூன்றாம் வரி, டு அல்ல, து.
மறுநாள் பதில் வந்தது:
நன்றி. அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது.

பதிவு 15ஐத் திறந்தேன்.
அதே தம்பி, கதிரையைக் கிட்ட இழுக்கிறான்.
இப்போது எல்லாம் கேட்கிறது,
வளையல், கோழி, அடுத்த வளவில் யாரோ தேங்காய் உடைப்பது,
சொல்லுக்கு முன்னால் தொண்டை விழுங்குவது.
ஒரு நிமிடத்தை எழுத முன்பு ஏழு நிமிடம்.
இப்போது பன்னிரண்டு.
காசு அதே முப்பத்தைந்து.