இரண்டு வழி

பீடோர் ஆலையில் எடைமேடை
இரவு பதினொன்றுக்கு மூடி ஐந்துக்குத் திறக்கும்.
இடையில் கிடக்கும் ஆறு மணி நேரத்தை
கையெழுத்து வாங்கிக்கொண்டு
எனக்குக் கொடுத்தார்கள்.

பின்னறை. முன்பு உரச் சாக்கு அடுக்கிய இடம்,
இப்போது பதினெட்டு டிகிரி.
எலிப்பொறி மட்டும் மாறவில்லை,
உள்ளே கருவாட்டுத் துண்டு.
நேப்பாளக் காவலர் தில் பகதூர்
பூட்டைத் திறந்துவிட்டு
"பசியாறியாச்சா?" என்கிறார்
ராத்திரி பதினொன்றேகாலுக்கு.

ஒரு ஸ்டோரேஜ் பெட்டி.
வட்டுகள் இருபத்து நான்கு, கண்ட்ரோலர்கள் இரண்டு.
செம்பனைக் குலையின் எடையும் வெட்டியவர் கூலியும்
இவற்றின் வழியாகத்தான் போய் வரும்.
அடாப்டர் அட்டைகளை மாற்ற வந்திருக்கிறேன்,
எட்டை எடுத்து முப்பத்திரண்டு.
"லாரி அதே வேகத்தில்தானே வரப்போகிறது?"
மேனேஜர் ரிட்சுவான் விலையைப் பார்த்தபடி கேட்டிருந்தார்.
எட்டுக்கு இனி உதிரி கிடைக்காது என்றேன்.
அது அவருக்குப் புரிந்தது.

முறை எளிது.
ஒன்றைத் தூங்கவை, மற்றது இருவர் பாரம் சுமக்கும்.
கழற்று, செருகு, எழுப்பு,
வழிகள் திரும்பும்வரை காத்திரு.
பிறகு மற்றதைத் தூங்கவை.
யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது,
தெரிந்தால் நான் தோற்றேன்.

வளையல் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு
மணிக்கட்டில் பட்டை கட்டி
வழிகளை எண்ணினேன்.
சம்பள சர்வர் நான்கு.
கணக்கு சர்வர் நான்கு.
எடைமேடை இரண்டு.
இரண்டு போதும்,
இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்றால்.
கேபிளைத் தடவிக்கொண்டே போனேன்.
இரண்டும் முதல் கண்ட்ரோலரிலேயே போய் முடிந்தன.

வீட்டுக்கு இரண்டு கதவு வைத்து
இரண்டையும் ஒரே சுவரில் வைத்த மாதிரி.
நாலு வருஷமாக
ஒவ்வொரு அறிக்கையிலும் "இரட்டை வழி, சரி".

எந்த மடையன் மாட்டியது என்று
டார்ச்சை வாயில் கவ்விச் சீட்டைத் திருப்பினேன்.
தேதியில் ஒரு ஏழு. ஏழின் நடுவே ஒரு கோடு.
எங்கள் கம்பெனியில் ஏழுக்கு இடுப்புப் பட்டை கட்டுகிறவள்
ஒருத்திதான்.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன்.

பொறியில் ஏதோ அசைந்த மாதிரி. இல்லை, ஏர்கோன்.
ஈப்போவில் தூங்கும் புஷ்பநாதனை எழுப்பவில்லை.
ஒரு கேபிளைப் பிடுங்கினேன்.
எடைமேடை நாற்பது விநாடி ஒற்றைக் காலில் நின்றது,
நானும் ஏனோ மூச்சை விடவில்லை.
அந்தப் பக்கத்தில் செருகினேன்.
பச்சை வந்தது.

அதற்குப் பிறகுதான் அட்டை.
ஒரு வேடிக்கை சொல்கிறேன்:
பெயர் அட்டைக்கு இல்லை, அது உட்காரும் குழிக்கு.
புதியது உட்கார்ந்ததும்
சர்வர் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது,
அதுவும் ஏன் என்று கேட்காமல் பதில் சொன்னது.
சுவரில் வெட்டுக்காரர் பட்டியல்.
நூற்றுப்பதினேழு: லாலு ஹம்சா, லொம்போக்.
பெயரின் அடியில் வெள்ளை மை,
அதற்கும் அடியில் இன்னொரு பெயரின் வால்.

சர்வர்கள் எல்லாம் பழசு.
முப்பத்திரண்டு எட்டுக்கு இறங்கி வந்து
அவற்றோடு பேசத் தொடங்கியது.
ரிட்சுவான் கேட்டது நியாயமான கேள்வி.

நாலு ஐம்பத்தைந்து. முதல் லாரி மேடை ஏறியது.
திரையில் எடை விழுந்தது.
ஓட்டுநர் கொட்டாவி விட்டார்.
யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அறிக்கைத் தாளில் "கண்டறிந்த குறைகள்" என்று ஒரு கட்டம்.
எடைமேடையின் இரு வழியும் ஒரே பக்கம், திருத்தப்பட்டது
என்று எழுதினேன்.
"மாட்டியவர்" என்று கட்டம் எதுவும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: லோகநாயகி.
தேதி போட்டேன், கோடு இல்லாத ஏழோடு.
பிறகு கோட்டையும் போட்டேன்.

தாப்பா தாண்டியதும்
சட்டைப்பையில் கை விட்டேன்.
வளையல் ஒன்றுதான் இருந்தது.