மீட்டரில் ஏறாத கிலோமீட்டர்

சங்ககிரியில் ஏறி உட்கார்ந்தால்
நாக்பூரில்தான் முதுகு சீட்டை விட்டு எழும்.
பதினாலு சக்கரமும் சுற்றும்.
நடுவில் என் வயிறு மட்டும்
செக்போஸ்ட்டில் மடக்கிய வண்டியாய்
பேப்பர் சரியில்லையென்று நிற்கும்.

முந்தாநாள் தின்ற தாபா ரொட்டி
இன்னும் இறங்கியிருக்காது.
நெஞ்செரிச்சலுக்கு ஒரு சோடா,
உப்புசத்துக்கு ஓமத்தண்ணி,
விடிந்தால் பெட்ரோல் பங்க் கக்கூஸில் அரைமணி நேரம்.
கதவுக்கு வெளியே கிளீனர் பையன்:
"அண்ணா, கெளம்பலாமுங்களா?"
நான் தயார்தான் தம்பி,
அதுதான் கிளம்பவில்லை.

டாக்டர் பூங்கோதை என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்,
டயரில் காற்றுப் பார்க்க
நாங்கள் தட்டுவது போலவே.
மருந்துச் சீட்டில் ஒரே வரி:
சாப்பிட்ட பிறகு நடக்கவும்.
"இந்தியா பூராவும் போய்ட்டு வர்றனுங்க மேடம்."
"லாரி போச்சுங்க. நீங்க எங்க போனீங்க?"

அன்று ராத்திரி அரிசிம்பருப்புச் சோறு,
மேலே ரெண்டு கரண்டி நெய்.
கை கழுவிவிட்டுக் கட்டிலைப் பார்த்தேன்.
வசந்தாமணி என் செருப்பைக் கொண்டுவந்து
முன்னால் போட்டாள்.
"நானும் வர்றன்."

பட்டறைத் தெருவில் வெல்டிங் பொறி.
பாடி கட்டாத சேஸிஸ் ஒன்று
எலும்பும் ஆக்ஸிலுமாய் நின்றது.
ஃபைனான்ஸ் கடை கந்தப்பன்
ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டான்:
"ஏனுங் மாப்ள, வண்டியத் தூக்கிட்டாங்களா?"
எங்கள் ஊரில் டிரைவர் நடந்தால்
தவணை தவறியதென்று அர்த்தம்.

அவள் பேசிக்கொண்டே வந்தாள்.
மகளுக்குக் காலேஜ் ஃபீஸ். போரில் தண்ணி குறைந்தது.
உட்கார்ந்தபடி நைட்டி தைத்துத் தைத்து
ரெண்டு வருஷமாய்த் தனக்கும் வயிறு கல்லாய்க் கிடப்பது.
எனக்குத் தெரியாது.
போனில் சொல்கிற சங்கதியா அது?

ரயில்வே கேட் பக்கம் வந்தபோது
அடிவயிற்றில் ஒரு புரளல்.
மாதக்கணக்கில் நின்ற எஞ்சின்
தள்ளிவிட்டதும் பிடிக்குமே,
குடகுடவென்று, அப்படி.
பிறகு காற்றுப் பிரிந்தது,
ஏர் பிரேக் விட்ட சத்தத்தோடு.
வசந்தாமணி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
இருபத்தோரு வருஷத்தில்
அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை.
மூணாவது வாரம்தான்
காலையில் கடிகாரம் பார்க்காமல் போய் வந்தேன்.
நடுவே ஒரு கல்யாணத்தில்
ஆறு ஒப்புட்டு தின்றதையும்
சொல்லிவிட வேண்டும்.

இப்போதெல்லாம் லோடுக்கு எங்கே நின்றாலும்
இறங்கி வண்டியைச் சுற்றுகிறேன்.
ஒரு சுற்றுக்கு நாற்பத்திரண்டு எட்டு.
முதல் நாள், ஏதோ வேண்டுதலென்று நினைத்து
கிளீனர் பையனும் கும்பிட்டபடி பின்னால் வந்தான்.

அந்நேரம் போன் அடிக்கும்.
அவள் பட்டறைத் தெருவில்,
நான் ராய்ப்பூர் புழுதியில்.
ரெண்டு பக்கமும் மூச்சு வாங்கும்.
"ஆச்சுங்களா?" என்பாள்,
சாப்பாடா, சுற்றா, காலையில் போனதா
எதையென்று சொல்லாமல்.
"ஆச்சு" என்பேன்.