துடைத்தெடுத்த தாள்

தரமணி ரயில் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர்.
பையில் குடை இருந்தும் விரிக்க நேரமில்லாமல்
ஓடிவந்தேன், ஒன்பதரைக்கு.
இரண்டாம் அடித்தளத்தில்
ஆறு டன் எண்ணெய்
இருட்டில், அசையாமல்.

எங்கள் யார்மேலும் அதற்கு நம்பிக்கை கிடையாது.
நியாயம்தான்.
வாழைப்பழம் உரித்த விரலில் பொட்டாசியம்,
வியர்வையில் பொட்டாசியம்,
சுவரின் கருங்கல் ஜல்லியில் தோரியம்.
இந்த ஊரில் எதைத் தொட்டாலும்
கொஞ்சம் முணுமுணுக்கிறது.
எண்ணெய்க்கோ ஒரே வேலை:
நாலு மாதம் கழித்து, தெற்கே,
ஓர் அணு உலையின் சுவரோரம் போய் உட்கார்ந்து
யாரையும் தொடாமல் கடக்கிற நியூட்ரினோக்களில்
கோடானுகோடியில் ஒன்று தவறி இடித்தால்
ஒரு மினுக்கு.

எவ்வளவு மினுக்கினால் எவ்வளவு ஆற்றல்?
அளவுகோல் வேண்டும்.
அதற்குத்தான் கோபால்ட்,
அரிசிமணி அளவு,
எஃகுக் கூட்டுக்குள் இன்னோர் எஃகுக் கூடு.
ஐந்து வருடம் எந்த எண்ணெயைத்
தூசு படாமல் பொத்தி வைத்தோமோ
அதற்குள்ளேயே
அழுக்கின் விதையை நூலில் கட்டி இறக்கப்போகிறோம்.

கூடு கசிந்தால்
கழுவ வழியில்லை, கொட்ட இடமில்லை.
கோபால்ட் பாதி அடங்க ஐந்தேகால் வருடம்.
ஹபீபுன்னிசாவின் ஆய்வேட்டுக்கு மிச்சம் எட்டு மாதம்.

ஞானதிரவியம் பெட்டகத்தைத் திறந்தார்.
பதிவேட்டில் ‘போனது’ கட்டத்தில்: ஒன்று.
இடுக்கியில் அவர் பிடிக்க
ஈரத் தாளால் நான் துடைத்தேன்.
எண்ணியில் வைத்தால் வெறுந்தாள்
பத்து நிமிடத்துக்கு நாற்பது காட்டும்.
இது
நூற்றுத் தொண்ணூற்றொன்று.

வின்ச்சின் மேலிருந்த கையை எடுத்து
ஹபீபுன்னிசா மடியில் வைத்துக்கொண்டாள்.
குளிர்சாதனம் மட்டும் பேசியது.
பிறகு என் பின்னலைப் பார்த்தாள்,
நுனியில் ஒரு சொட்டு தொங்குவதை.
“நனைஞ்சா வந்தீங்க?”

மழை வெறுங்கையோடு வருவதில்லை.
மண்ணிலிருந்து மூச்சாக ஏறிய ரேடான்
மேலே செத்துப்போய்
தன் பிள்ளைகளைத் துளிகளில் ஏற்றி அனுப்புகிறது.
அவற்றுக்கு ஆயுசு அரைமணி, முக்கால் மணி.
கோபால்ட்டுக்கோ அவசரமே இல்லை.
எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான்:
உட்கார்ந்திருப்பது.

நாற்பது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு.
ஞானதிரவியம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
எழுபத்தைந்து.
ஹபீபுன்னிசா தாளில் ஒரு கோடு இழுத்தாள், வளைந்து இறங்குகிற கோடு,
அதன்மேல் அடுத்த புள்ளி உட்காருமா என்று
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.
ஐம்பத்தேழு.
உட்கார்ந்தது.
எங்கள் கண்முன்னால் அந்தச் சின்னத் தாளில்
ஒரு மழை காய்ந்துகொண்டிருந்தது.

குற்றவாளி நான்தான்.
பின்னலிலிருந்து மணிக்கட்டு,
மணிக்கட்டிலிருந்து கையுறை, கையுறையிலிருந்து தாள்.
யாரும் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.
உடை மாற்றி, தலையைக் காகிதத் தொப்பிக்குள் சுருட்டி,
மறுபடி துடைத்தேன்.
நாற்பத்திரண்டு.

நைட்ரஜன் நிறைந்த பெட்டிக்குள்
நூல் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக இறங்கியது.
எண்ணெய் திடுக்கிட்டு விழித்தது:
நொடிக்கு நானூறு மினுக்கு,
திரையில் ஒரே இடத்தில் குவிந்து
ஒரு மேடு.
நடுவில் பத்து நிமிடம். அடியில் பத்து. மேலே பத்து.
அவ்வளவுதான் அதன் விருந்து.

ஏறி வரும்போது கூட்டின் அடியில் ஒட்டியிருந்த எண்ணெயை
அதையும் துடைத்தோம், அதையும் எண்ணினோம்.
முப்பத்தெட்டு.
‘வந்தது’ கட்டத்தில்: ஒன்று.
ஞானதிரவியம் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.
திரையில் மேடு இருந்த இடம்
நேற்றைப் போலவே கிடந்தது.

ஆறரைக்கு வெளியே மறுபடி தூறல்.
பேருந்து நிறுத்தத்தில் எல்லார் தலையிலும்,
டெலிவரிப் பையன்களின் மஞ்சள் பெட்டிகளிலும்,
பஜ்ஜிக்கடைத் தார்ப்பாயிலும்
அரைமணி ஆயுசுப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தன,
எண்ணுவாரில்லாமல்.
குடையைப் பையிலேயே விட்டுவிட்டேன்.