மூடாக்கு

தேர்தல் முடிந்து மூன்று வாரம்.
டோங்காட் பெரிய சாலைக் கம்பங்களில்
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள
பூபாலன் ஏறி, கட்டுக்கம்பியை அறுத்து
ஒவ்வொருவராக இறக்கினார்.
பதினான்கு பேர். கட்சி பார்க்கவில்லை.
அட்டை தடிமனா என்று மட்டும்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம்.

கோரைக்காகத்தான்.
போன கோடையில் இவர் மருந்தடித்தார்.
ஒரு வாரம் மஞ்சளாய்ப் படுத்துக் கிடந்து
எட்டாம் நாள் எழுந்தது கோரை.
காற்றோடு போன துளியில் படுத்த
என் மிளகாய் வரிசை எழவேயில்லை.
இரண்டு நாள் அவரோடு பேச்சில்லை.
மூன்றாம் நாள் உப்பு எங்கே என்றார்;
சொன்னேன்.

கையால் பிடுங்கினால்
தாள் கையோடு வரும்
கிழங்கு மண்ணோடு நிற்கும்.
அறுந்த சரத்தின் ஒவ்வொரு மணியும்
தனிக்குடித்தனம் போகும்.

ஆகவே மழை விட்ட மறுநாள்
ஈரம் காயுமுன் பாத்தியில்
வேட்பாளர்களைப் பரப்பினோம்,
ஒருவர்மேல் ஒருவர் ஒரு சாண் ஏற.
இடுக்கு விட்டால் அதில் நுழைந்துவிடும்.
முகத்தைக் கவிழ்த்துப் போடு என்றார் இவர்.
ஒருவரை மட்டும், பல் தெரிய,
வானம் பார்க்க விட்டேன்:
எங்கள் தெருவுக்கு விளக்கு வரும் என்றவர்.
எல்லோர் மேலும் காய்ந்த கரும்புத் தோகை
ஒரு முழம்.

வேலிக்கு அப்பால் மாகுமேடே
"யாரைப் புதைக்கிறீர்கள்?" என்றாள்.
சிரித்து முடிக்க நேரமாயிற்று.
பாத்தி ஓரத்தில் தானாய் முளைத்த கீரையை
நான் அரிந்து எறியப் போக,
"அது களையில்லை, இந்தப் பக்கம் போடு" என்று
ஏப்ரனை விரித்தாள்.
பாதி போட்டேன்.
மீதி எங்களுக்குக் கடைய.

பத்தாம் நாள் தோகையை விலக்கினால்
விளக்குக்காரரின் முன்பல் இடுக்கில்
பச்சை ஊசி ஒன்று,
அட்டையைத் துளைத்து
யாரையும் கேட்காமல்.

மண்மட்டத்தில் கத்தியால் சீவினேன்.
நாலாவது இலை விரிய விடாமல்
சீவிக்கொண்டே வந்தால்
கீழே கிழங்கு தன்னையே தின்று தீருமாம்.
அடுத்த தேர்தலுக்குள் தீர்ந்தால் சரி.

காலையில் காப்பி ஆறுவதற்குள்
எண்ணிவிடுகிறேன்.
திங்களன்று பத்தொன்பது.
நேற்று பதினொன்று.
இன்று எட்டு.
ஒன்பது என்கிறார் பூபாலன்,
ஜன்னலுக்குள்ளிருந்து,
கண்ணாடி போடாமலே.
குனிந்து
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்.