பக்கம் ஆறு, மூன்றாம் பத்தி

ராத்திரி ஷிஃப்டில் எனக்கு வந்து விழுந்தது
ஹவானாவில் அச்சான ஒரு இங்கிலீஷ் பேப்பர்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து, டிசம்பர் கடைசி.
சர்க்கரை விலை, கப்பல் வருகை, பல்பொடி விளம்பரம்,
அதற்குக் கீழே ஒரு பந்தாட்டம்.

ஐந்து ரோடு பாலத்தின் தூண் தெரிகிற மாடி.
ஏசி பதினெட்டில். ஷால் போர்த்திக்கொண்டு
எவர் ஊர் எழுத்தையோ திருத்துகிறோம் பதினோரு பேர்.
ஸ்கேன் பண்ணிய மெஷினுக்குப் பார்வை போதாது.
சின்ன ஆர் பக்கத்தில் சின்ன என் நின்றால்
ரெண்டையும் சேர்த்து எம் என்று வாசித்துவிடும்.
பிரித்துவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அமெரிக்காவின் தெற்கிலிருந்து ஒரு காலேஜ் டீம்
கப்பலேறிப் போயிருக்கிறது கியூபாவுக்கு,
தங்கள் ஊர் ஃபுட்பாலை அங்கே ஆடிக்காட்ட.
பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு வேலை குறைச்சல்.
முட்டைப் பந்தை மாரோடு அணைத்து ஓடுகிறார்கள்,
இடுப்பைப் பிடித்துச் சாய்க்கிறார்கள்,
விழுந்தவன் கோட்டுக்குக் கை நீட்டுகிறான்.
கபடிதானே இது?
தாரமங்கலம் ஸ்கூல் டீமில் நான் வலது கார்னர்.
கணுக்கால் கையில் சிக்கினால் விடமாட்டேன்.
டேக்கிள் என்று வந்த இடத்திலெல்லாம்
நாற்காலியிலேயே என் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.

ஆட்டத்தன்று காலைப் பதிப்பில் இரண்டு பக்கத்து ஆட்களும்.
ஹவானாவுக்கு இடது ஹாஃப்: எலிஹியோ பார்னெட்.
மெஷின் அவனை பாமெட் என்றது. பிரித்தேன்.
பல் வைத்தியம் படிக்கிறவன்,
துறைமுகத்துக் குதிரைவண்டியை ஓடியே முந்தினவன்
என்று ஒரு வரி.
பெயரை ஒட்டி அடைப்புக்குள் அவன் நிறம்.
மற்ற பத்துப் பேருக்கும் அடைப்பு இல்லை.

மறுநாள் பேப்பர். பக்கம் ஆறு, மூன்றாம் பத்தி.
பத்துப் பேர் அதே பத்துப் பேர்.
இடது ஹாஃபில் வேறு ஒருவன்.
"விருந்தினர் கேட்டுக்கொண்டபடி" என்று அரை வரி, முற்றுப்புள்ளி.
பிறகு பேண்டு வாத்தியம்,
பிறகு கவர்னர் சம்சாரத்தின் தொப்பி.
தொப்பிக்கு ஒன்பது வரி.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டு பிரேக்.
கேரியரைத் திறக்கிறேன்.

தை மாசப் போட்டி. நோட்டீஸில் பச்சை மையில்
தெற்குத் தெரு பெண்கள் டீம் என்று இருந்தது.
பொற்கிளி அதில் ரெய்டர், வகுப்பில் என் பெஞ்சு.
மைக் அந்தப் பெயரைக் கூப்பிடவே இல்லை.
ஜெர்சி போட்டுக்கொண்டு ஏழு பேர்
வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.
கமிட்டியில் சொல்லிவிட்டார்களாம், யார் சொன்னது என்று இல்லை.
அடுத்த மேட்ச் எங்களுடையது.
குனிந்து முழங்கால் பட்டியை இறுக்கினேன்,
ஏற்கெனவே இறுகியிருந்ததை.
ஜெயித்தோம். ஆளுக்கொரு எவர்சில்வர் கேரியர்,
மூடியில் வருஷம் பொறித்தது.

கோப்பின் கடைசியில் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும்:
ஆட்டத்தில் பங்கேற்றவர்கள்.
இருபத்திரண்டு பெயர் அடித்தேன்.
இருபத்து மூன்றாவதாக இன்னொன்று,
ஆருக்கும் என்னுக்கும் நடுவே இடம் தெரிகிறதா என்று
பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு.

ராஜகணபதி சார் பின்னால் வந்து நின்றார்.
"ஆடினவங்க மட்டும்தாம்மா. ரூல் நாலு."
தெரியும் சார் என்றேன்.
"நூறு வருஷத்துக் கதை, யார் படிக்கப்போறா?"
அதுவும் தெரியும் சார்.
அவர் டீக்குப் போனதும் அனுப்பிவிட்டேன்.

ஐந்தரைக்கு ரிப்போர்ட் வந்தது: பிழை ஒன்று.
இந்த மாத இன்சென்டிவில் நானூறு ரூபாய் குறையும்.
திருத்த ஏழு நாள் அவகாசம், பச்சையில் ஒரு பட்டன்.

முதல் பஸ். ஜன்னலோரம் சேர்வராயன் மலை
இன்னும் சரியாக விடியாமல் கறுப்பாகவே வந்தது.
பொற்கிளி இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது.
தேடினால் கிடைப்பாள், போனில் நம்பர் கேட்க ஆள் உண்டு.
மடியில் கேரியர்.
மூன்றாவது அடுக்கு என்றைக்கும் சரியாக உட்காராது.
ஓமலூர் தாண்டியும் கடகடத்துக்கொண்டே வந்தது,
நான் கையால் அழுத்திப் பிடிக்கவில்லை.